கறுத்த சங்கைத் துலக்கலாமா?

திருவிதாங்கூர்க் காசுகள் – 11

விஷு நெருங்கினால் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வீடுகளில் துலக்கும் வேலை மும்முரமாகிவிடும். உருளி, நிலவிளக்கு, கிண்டி எல்லாம் புளியும் சாம்பலும் பட்டுப் பளபளக்கும். கனியில் வைக்கவும் கைநீட்டம் கொடுக்கவும் காசு வேண்டுமே என்று, பெட்டியில் கிடக்கும் பழைய வெள்ளிக் காசுகளையும் எடுத்து, கையோடு கையாக விபூதி போட்டுத் தேய்த்து வைப்பவர்கள் உண்டு. கனிக்கு அது சரி. அதே காசைத் தரநிர்ணயத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், அந்த ஒரு நிமிடத் தேய்ப்பு பெரும் இழப்பு.

சென்ற வாரம் திருவிதாங்கூர்க் கணக்கைப் பார்த்தோம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூடுதல், அதாவது இருபத்தெட்டரை. இவற்றில் வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட எடை வராத பொடிக்காசு. இயந்திரத்தில் அச்சடித்த கால் ரூபாய்க்கும் அரை ரூபாய்க்கும் அகன்ற முகம் உண்டு. அந்த முகத்தில் பத்மநாபரின் சங்கு. கறுப்பு ஏறினாலும் நிறம் படர்ந்தாலும் முதலில் கண்ணில் படுவது அங்கேதான். அதனால்தான் வாசகர்கள் பலரும் கேட்பது, “கழுவிவிட்டு அனுப்பலாமா?”

வெள்ளி ஏன் கறுக்கிறது? காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி, வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலமாக மேலே படிகின்றன. தொடக்கத்தில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலப்பதால் நிறம் தோன்றுகிறது. மழை பெய்த நாளில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் தேங்கிய நீரின் மேல் டீசல் விரிக்கும் வானவில்லும் இதே விதிப்படிதான். படலம் கனக்கக் கனக்கப் பொன்மஞ்சள் செம்மையாகி, ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் கறுப்பில் முடியும். சேகரிப்பாளர்கள் இதை டோனிங் என்கிறார்கள்.

இந்தப் படலம் அழுக்கு அன்று. காசின் மேல்தோலில் இருந்த வெள்ளியே உருமாறி நிற்கிறது. எனவே படலத்தை எடுப்பது என்றால் அந்த வெள்ளியையும் சேர்த்து எடுப்பதுதான்.

புழக்கத்துக்குப் போகாத ஒரு காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். ஓர் ஒளிக்கீற்று முகத்தைச் சுற்றி ஓடும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்து விட்டுச்சென்ற நுண்வரிகள்தான் அந்தக் கீற்றைத் தருகின்றன. தரநிர்ணயம் செய்பவர் முதலில் தேடுவது இதைத்தான். தயோயூரியாவும் அமிலமும் கலந்த திரவத்தில் காசை முக்கினால் கறுப்பு நொடியில் போய்விடும். கூடவே அந்த வரிகளின் முகடுகளும் கொஞ்சம் கரையும். இரண்டு மூன்று முறை முக்கினால் காசு வெளுப்பாகத்தான் இருக்கும், ஆனால் கீற்று ஓடாது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் வைத்துச் செய்யும் வீட்டு வைத்தியத்தில் சல்பைடு மறுபடி வெள்ளியாகும் என்பது உண்மை. அப்படித் திரும்பி வரும் வெள்ளி பழைய வரிகளில் ஒழுங்காக உட்காராது. விபூதி, பல்பொடி, பாலிஷ் துணி மூன்றும் கீறும்.

கீறிய காசு மறைந்துகொள்ள முடியாது. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தால், தேய்த்த திசையில் மயிரிழைக் கோடுகள் வரிசையாகத் தெரியும். வெற்றிடம் வெளுத்திருக்க, எழுத்துகளின் ஓரத்திலும் சங்கின் மடிப்பிலும் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு இயல்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தாலே சந்தேகம் வந்துவிடும்.

அமெரிக்காவில் 1986இல் பி.சி.ஜி.எஸ்., 1987இல் என்.ஜி.சி. என்ற நாணயத் தரநிர்ணய நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. இரண்டும் நாணய ஆய்வாளர் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலில் எண் கொடுத்து, காசைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. கடுமையாகக் கழுவிய காசுக்கு அந்த எண் கிடைக்காது. ‘டீட்டெய்ல்ஸ்’ என்ற குறிப்போடு, சுத்தம் செய்யப்பட்டது என்று உறையிலேயே எழுதிவிடுவார்கள். விலை அங்கேயே இறங்கிவிடும். சூடேற்றியோ கந்தகப் புகை காட்டியோ நிறம் ஏற்றினாலும் இதே கதிதான். அதற்கும் ‘சந்தேகத்துக்குரிய நிறம்’ என்று தனிக் குறிப்பு உண்டு.

“நிறத்துக்கு அடியில் இருக்கும் மினுக்கம் தெரியாவிட்டால் எண் குறையாதா?” என்ற கேள்வி நியாயமானது. கன்னங்கரேலென்று இறுகிய படலம் எண்ணைக் குறைக்கத்தான் செய்யும். திறமையாக ஒரே முறை முக்கிய காசுக்கு நல்ல எண் கிடைப்பதும் உண்டு. அந்தத் திறமை அதையே தொழிலாகச் செய்பவர்களிடம் இருக்கிறது. என்.ஜி.சி.யோடு இணைந்த என்.சி.எஸ். நாணயப் பராமரிப்புக்கென்றே இயங்குகிறது. காசைத் தொடலாமா கூடாதா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கழுவாத காசை என்றைக்கு வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம். கழுவிய காசை உலகத்தில் எவராலும் கழுவாததாக ஆக்க முடியாது. முடிவெடுக்க இந்த ஒரு நியாயமே எனக்குப் போதும்.

நாமே நீக்கக்கூடியது ஒன்று உண்டு. மலிவான மென்பிளாஸ்டிக் ஆல்பங்களில் உள்ள பி.வி.சி. நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசில் ஒட்டி, உலோகத்தை அரிக்கும். இதற்குத் தூய அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊறவிட்டு எடுங்கள். புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசி, தானாக உலர விடுங்கள். தேய்க்கவே கூடாது. அசிட்டோன் பிசுக்கைக் கரைக்கும். சல்பைடு நிறத்தைத் தொடாது.

பிறகு பாதுகாப்பு. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, மர அலமாரி ஆகியவையும் வெள்ளிக்கு ஆகாது. கடலோர ஊரான திருவனந்தபுரத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து கெடுதல் செய்யும். பி.வி.சி. இல்லாத உறையில் போட்டு, சிலிகா ஜெல்லோடு மூடி வையுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

2011 ஜூனில் பத்மநாபசுவாமி கோயில் நிலவறை திறக்கப்பட்டபோது உலகமே பொன்னைப் பற்றிப் பேசியது. அந்தப் பொன்னின் காவலை உச்ச நீதிமன்றமே கவனித்தது. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் வெள்ளிக்கு உங்களை விட்டால் காவல் இல்லை. இனிவரும் விஷுவுக்குக் கனியில் வைக்கப் புதுக் காசு வாங்கிக்கொள்ளுங்கள். சங்குக் காசு கறுப்பாகவே இருக்கட்டும்.

(அடுத்த வாரம்: பொடிச் சக்கரங்களை எண்ண உதவிய குழிப்பலகை)