வெளிச்சத்துல பாத்துடலாம்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணம் நிச்சயமானால், முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக்கு பஸ் ஏறுவார்கள். புடவை பிடித்துப்போன நிமிஷத்தில், கூட வந்த அத்தை அதை வாங்கிக்கொண்டு கடை வாசலுக்கு நடப்பார். "வெளிச்சத்துல பாத்துடலாம்." உள்ளே அத்தனை விளக்கு எரிகிறதே என்று விற்பனையாளர் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இயற்பியல் அத்தை பக்கம்தான் இருக்கிறது.

வெயிலில் எல்லா நிறங்களும் இடைவெளியில்லாமல் இருக்கின்றன. வெள்ளை எல்.இ.டி. விளக்கோ பெரும்பாலும் நீல ஒளி விடும் சில்லு. மேலே பாஸ்பர் பூசி அதை வெள்ளையாக்குகிறார்கள். மலிவான ரகங்களில் அடர்சிவப்பு மெலிந்திருக்கும். விளக்கு தராத நிறத்தைத் துணி எங்கிருந்து திருப்பி அனுப்பும்? அரக்கு பழுப்படித்துப்போகும். மஞ்சள் சாயல் கொண்ட நல்ல விளக்கின் கீழ் அதே அரக்கு கனிந்து தெரியும். கடைக்குள் அச்சாகப் பொருந்திய புடவையும் ரவிக்கைத் துணியும் தெருவில் சண்டை போடுவதும் இதனால்தான். ஜரிகையின் கணக்கு வேறு. டியூப் லைட்டின் பரந்த ஒளியில் அது அமைதியாகக் கிடக்கும். சின்ன ஸ்பாட் லைட்டுகளின் கீழ் விற்பனையாளர் முந்தானையை உதறினால் பொறிபொறியாக மின்னும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த மயில்கழுத்துப் புடவையும் உதறும்போதுதான் தன் இரண்டு முகத்தையும் காட்டும்.

கடையின் சூழலும் விற்பனைக் கருவிதான் என்று அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் கோட்லர் 1973-இல் எழுதினார். 1982-இல் ஆய்வாளர் ரொனால்ட் மில்லிமன் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சோதித்தபோது, மெதுவான இசை ஒலித்த நாட்களில் மக்கள் மெதுவாக நடந்தார்கள். துரித இசை நாட்களைவிட விற்பனை சுமார் 38 சதவீதம் கூடியிருந்தது. ஒரு கடையில் கிடைத்த எண்ணை எல்லாக் கடைக்கும் நீட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நடை தளர்ந்தால் கை நீளும் என்பது பட்டுக்கடைக்காரர்களுக்குப் புதிதல்ல. வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் குடும்பத்தையே சம்மணம் போட்டு உட்காரவைத்து, காபியும் கொடுத்துவிட்டால், எழுந்து அடுத்த கடைக்குப் போக யாருக்கு மனசு வரும்?

அதன்பின் புடவை மடிக்கு வரும். "தோள்ல போட்டுப் பாருங்கக்கா." வெறுமனே தொட்டுப் பார்த்தாலே பொருள் தன்னுடையது என்ற உணர்வு கூடுகிறது, அதற்குத் தரத் துணியும் விலையும் ஏறுகிறது என்று ஆய்வாளர்கள் ஜோஆன் பெக், சுசேன் ஷூ இருவரும் 2009-இல் காட்டினார்கள். தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்ற பிறகு திருப்பிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

காதும் ஏமாறும். கசக்கினால் 'சரக் சரக்' என்று சத்தம் வந்தால் அசல் பட்டு என்பார்கள். பசை நீக்கிய பட்டு இழையை நீர்த்த அமிலத்தில் நனைத்து உலர்த்தினால், இழைகள் ஒன்றோடொன்று உரசும் விதம் மாறி அந்தச் சத்தம் பிறக்கிறது. தகுந்தபடி பதப்படுத்தினால் பருத்தி நூலையும் அப்படிப் பேசவைக்கலாம். ஆகவே சத்தத்தை வைத்துச் சான்றிதழ் தர முடியாது.

மூக்கு கொஞ்சம் நம்பகமானது, ஊதுபத்தியை விட்டு விலகி வந்தால். வாசனைச் செய்தி, மற்றப் புலன்களைப்போல் மூளையின் தலாமஸ் வழியே சுற்றிவராமல், நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் பகுதிகளுக்கு நேராகப் போகிறது. மல்லிகை மணக்கும் கடையில் கல்யாண நினைப்பு பொங்குவதில் ஆச்சரியமில்லை. அதே மூக்கைச் சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். முந்தானை ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையைத் தீயில் காட்டினால், பட்டும் தலைமுடியும் புரதம் என்பதால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகி, கடினமான மணியாகத் திரண்டுவிடும்.