கறவை மாடுகளில் கன்று வீச்சு: தொற்றுக் காரணங்களும் கண்டறியும் நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

கறவை மாடுகளில் கன்று வீச்சுக்குப் பாக்டீரியா, வைரஸ், ஒருசெல் உயிரி, பூஞ்சை எனப் பலவகைத் தொற்றுகள் காரணமாகின்றன. சினை சிதையும் மாதம் காரணத்தைச் சுட்டுமேயன்றி உறுதிசெய்யாது என்பதையும், இளங்கொடியும் கருவும் முதன்மைச் சான்றுகளாவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கன்று வீச்சு, புருசெல்லா, நியோஸ்போரா, இளங்கொடி, நோயறிதல்

முன்னுரை

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள். அது நிறைவதற்குள் உயிரற்ற கருவோ பிழைக்க இயலாத கன்றோ வெளியேறுவதைக் கால்நடை வளர்ப்போர் ‘கன்று வீசுதல்’ என்பர். இழப்பு ஒரு கன்றோடு முடிவதில்லை. பால் குறைகிறது, அடுத்த சினையும் தள்ளிப்போகிறது. காரணம் புருசெல்லாவாயின் மாட்டைப் பேணுவோருக்கும் நோய் தொற்றுகிறது. ஆகவே காரணத்தைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

மாதமும் காரணமும்

சினையின் தொடக்கத்தில் நிகழும் இழப்பு பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இனச்சேர்க்கை வழிப் பரவும் டிரைட்ரைக்கோமோனாஸ் ஃபீட்டஸ், கேம்பைலோபாக்டர் ஃபீட்டஸ் ஆகியன கருவை இளநிலையிலேயே அழிக்கக்கூடியவை. பசு சினை பிடிக்கவில்லை என்றே வளர்ப்பவர் கருதுவார். 5, 6ஆம் மாதங்களில் நியோஸ்போரா கேனினம் என்னும் ஒருசெல் உயிரியின் பங்கு மிகுதி. கடைசி மூன்று மாதங்களில் புருசெல்லா அபார்ட்டஸ், லெப்டோஸ்பைரா, லிஸ்டீரியா ஆகிய பாக்டீரியாக்கள் முதன்மை பெறுகின்றன. மாட்டு ஹெர்பிஸ் வைரஸ்-1 பெரும்பாலும் 4 முதல் 8 மாதங்களுக்குள் கருவைச் சிதைக்கிறது. இவ்வெல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், மாதத்தை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது.

புருசெல்லாவும் நியோஸ்போராவும்

புருசெல்லா அபார்ட்டஸை டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பேங்க் 1897இல் கண்டறிந்தார். இளங்கொடியில் உள்ள எரித்ரிட்டால் என்னும் பொருள் இக்கிருமியின் பெருக்கத்தைத் தூண்டுகிறது. தொற்றுற்ற பசு பெரும்பாலும் ஒருமுறையே கன்று வீசும். அடுத்த ஈற்றில் நிறைமாதக் கன்றை ஈனும். இதனால் நோய் நீங்கிவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆயினும் பாலிலும் கருப்பைக் கழிவிலும் கிருமி தொடர்ந்து வெளிப்படக்கூடும்.

நியோஸ்போராவின் முதன்மை ஓம்புயிர் நாய் என்பது 1998இல் நிறுவப்பட்டது. தொற்றுள்ள திசுக்களை உண்ட நாயின் மலத்தோடு வெளியேறும் இவ்வுயிரி தீவனத்தையும் நீரையும் மாசுபடுத்துகிறது. தாயிடமிருந்து கருவிற்குத் தலைமுறை தலைமுறையாகவும் கடத்தப்படுகிறது.

இளங்கொடி என்னும் சான்று

பூஞ்சைத் தொற்றில் இளங்கொடி தோல்போல் தடிக்கும். புருசெல்லாத் தொற்றில் அதன் முடிச்சுகள் அழுகிக் காணப்படும். எனவே கருவையும் இளங்கொடியையும் தாயின் குருதியையும் சேர்த்தே ஆய்வகத்திற்கு அனுப்புதல் வேண்டும். குருதியில் எதிர்ப்பொருள் இருப்பது பசு அக்கிருமியை எப்போதோ எதிர்கொண்டதையே காட்டும். அண்மைக் கன்று வீச்சுக்கு அதுவே காரணம் என நிறுவாது. லெப்டோஸ்பைரா, ஹெர்பிஸ் வைரஸ் ஆகியவற்றிற்கு இரண்டு, மூன்று வார இடைவெளியில் எடுத்த இரு குருதி மாதிரிகளை ஒப்பிடுவது துணைசெய்யும்.

தமிழகச் சிற்றூர்களில் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரம் முதலிய பால்மரங்களில் கட்டும் வழக்கம் உண்டு. நாய்க்கு எட்டாமல் காப்பதில் இது பயனுடையதே. ஆனால் கன்று வீசிய பசுவின் இளங்கொடியை வெறுங்கையால் எடுத்துச் சுற்றுவோருக்குத் தொற்று நேரலாம். கையுறை அணிந்து மாதிரி எடுத்தபின், எஞ்சியதைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைப்பதே தக்கது.

முடிவுரை

இந்தியாவில் 2019இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குப் புருசெல்லாத் தடுப்பூசி இடப்படுகிறது. அது பிற தொற்றுகளைத் தடுக்காது. தடுப்பூசி இட்ட மந்தையிலும் கன்று வீச்சு நிகழ்ந்தால் தடுப்பூசியைக் குறைகூறுவதற்கு முன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். அவ்வாய்வுக்குரிய சான்று தொழுவத்திலேயே கிடைக்கிறது. அதனை எறிந்துவிடாமல் காத்து அனுப்ப வளர்ப்போரைப் பழக்குவதே முதற்பணியாகும்.