பத்துமலைப் படிகளில் ஒரு பழங்காலப் பயணம்

தைப்பூசத் திருநாளன்று பத்துமலைப் படிகளில் கால் வைக்காத தமிழ்க் குடும்பம் சிலாங்கூரில் அரிது. 1892ஆம் ஆண்டில் அங்குத் தைப்பூச விழா தொடங்கியது. காவடி ஏந்திச் செல்வோரும், பால்குடம் சுமப்போரும், விடுமுறை நாளில் கட்டுச்சோற்றுடன் பிள்ளைகளை அழைத்துச் செல்வோருமாக அம்மலையை நாம் நன்கறிவோம். ஆயினும், வழிபாட்டுத் தலமாகிய அதே மலை, உலகின் பழங்கால வரலாற்றைத் தன்னுள் காத்து வைத்திருக்கும் கருவூலமும் ஆகும் என்பதை நம்மில் பலர் அறியார். அக்கருவூலத்தில் இருப்பவை யாவை, அவற்றைக் காப்பதில் நமக்குள்ள பங்கு யாது என்பனவற்றை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் தோட்டத்துப் பெருமக்களும் அறியுமாறு இங்கு விளக்குவோம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பத்துமலை என்பதிலுள்ள 'பத்து', நம் எண்ணுப் பெயர் அன்று. கல் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லே நம் நாவில் அவ்வாறு வழங்குகின்றது. அந்தக் கல் எவ்வாறு தோன்றியது என்பதே நாம் கற்க வேண்டிய முதற் பாடம்.

கடல் மலையான கதை

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை நம் முன்னோர் கடற்கரைக் கிளிஞ்சல்களைச் சுட்டு, நீற்றி உண்டாக்கினர். கிளிஞ்சலில் உள்ள அதே பொருள்தான் பத்துமலைப் பாறையிலும் உள்ளது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்று கோலாலம்பூர் நிற்கும் இடம் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடித்தரையில் படிந்து, படலம் படலமாக இறுகிச் சுண்ணாம்புக் கல் ஆயின.

அதன்பின், ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் ஆழத்திலிருந்து மேலெழுந்த பாறைக் குழம்பு, இன்று நாம் தித்திவங்சா மலைத்தொடரில் காணும் கருங்கல்லாகக் குளிர்ந்து உறைந்தது. அதன் வெப்பத்தால் அருகிலிருந்த சுண்ணாம்புக் கல் வெந்து பளிங்காக மாறியது. பழைய ஓடுகளின் வடிவமும் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. பத்துமலைப் பாறையில் சிப்பியின் உருவத்தை நாம் காண முடியாததற்கு அதுவே காரணம்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னுள் ஏற்று, சிறிதளவு புளிப்புத் தன்மை அடைகின்றது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்ததனால் குகைகள் உண்டாயின. கரைந்த சுண்ணாம்பே மீண்டும் சொட்டுச் சொட்டாகப் படிந்து, குகையின் கூரையிலிருந்து விழுதுகளாகத் தொங்குகின்றது. ஒரு விழுது ஒரு விரற்கடை வளர்வதற்கு நூறாண்டுக்கு மேலும் ஆகலாம். அதனை ஒடிப்பதற்கோ ஒரு நொடி போதும்.

படிகளே காலக்கணக்கு

கோடிக்கணக்கான ஆண்டுகள் என்றால் பிள்ளைகளுக்கு விளங்காது. பெரியோர்க்கும் விளங்குவது கடினமே. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. குகைக் கோயிலுக்குச் செல்லும் படிகள் 272. ஒவ்வொரு படிக்கும் 15 இலட்சம் ஆண்டுகள் எனக் கணக்கிட்டால், எல்லாப் படிகளும் சேர்ந்து 40 கோடியே 80 இலட்சம் ஆண்டுகள் ஆகும். அடிவாரத்தில் முதற் படியில் நிற்கும்போது, பழங்கடலின் கரையில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உச்சிப் படியின் மேற்பரப்பே இன்றைய நாள்.

இனி ஏறுவோம். 72ஆம் படியை அடையும்போது 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலத்தில் இருப்போம். சிலந்தி இனத்தின் மிகப் பழைய முன்னோர் நிலத்தில் வாழ்ந்த காலம் அது. 139ஆம் படியருகே கருங்கல் உருவாகின்றது. உச்சிக்கு இன்னும் 13 படிகள் எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய காலமாகும். தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் அக்காலத்தவை. வெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலுள் புதைந்த அம்மரங்களின் உடலில், நீரில் கரைந்திருந்த மணற்சத்துப் புகுந்து நிறைந்தமையால் மரம் கல்லாயிற்று. அங்கும் பழம்பெருமை வாய்ந்த சந்திரமௌலீசுவரர் கோயில் உண்டு. அதே ஊரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவும் உண்டு. இறைவனைத் தொழச் செல்வோர் பழங்காலத்தையும் கண்டு வரலாம். பத்துமலைக்குச் செல்லும் நாமும் அவ்வாறு செய்யலாம் அன்றோ?

குகையில் கிடைத்த பற்கள்

பத்துமலையின் மிக வியப்பான செய்தி கடைசிப் படியில்தான் உள்ளது. நம் தீபகற்பத்தில் இரு குகைப் பகுதிகளிலிருந்து ஓராங் ஊத்தானின் ஒன்பது பற்கள் புதைபடிவங்களாகக் கிடைத்த செய்தியை 2013ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவ்விடங்களுள் ஒன்று பத்துமலை. மற்றொன்று பேராக்கில் உள்ளது. ஓராங் ஊத்தான் இன்று போர்னியோவிலும் சுமத்திராவிலும் மட்டுமே காட்டில் இயல்பாக வாழ்கின்றது. ஆனால், ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்னர் அது பத்துமலைப் பகுதியிலும் வாழ்ந்தது என்பதற்கு அப்பற்கள் சான்றாக உள்ளன. ஒரு படியின் உயரம் 15 செண்டிமீட்டர் என்று கொண்டால், 60,000 ஆண்டுகள் என்பது உச்சிப் படியில் 6 மில்லிமீட்டர் அளவே ஆகும்.

பற்கள் மட்டும் எஞ்சியது ஏன் என்று மாணவர்கள் வினவலாம். உடலுறுப்புகளுள் பல்லின் மேற்பூச்சே மிகக் கடினமானது. மேலும், முள்ளம்பன்றிகள் எலும்புகளைத் தம் குகைகளுக்கு இழுத்துச் சென்று கறும்பும் இயல்புடையவை. மென்மையான எலும்பு அழிய, பல் எஞ்சும். நம் நாட்டு மழைக்காடுகளின் மண் எலும்பை விரைவில் அரித்துவிடும். சுண்ணாம்புக் குகையோ அதனைக் காக்கும்.

அவ்விலங்கு இங்கிருந்து மறைந்தது எவ்வாறு? பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தது. சுமத்திராவும் போர்னியோவும் நம் தீபகற்பத்தோடு ஒரே நிலமாக இணைந்திருந்தன. தட்பவெப்பம் மாறிக் காடு குறைந்தபோது, இங்கிருந்த ஓராங் ஊத்தான்கள் அழிந்தன. பின்னர்ப் பனி உருகிக் காடு மீண்டும் செழித்தது. ஆயினும், கடலும் உயர்ந்து இடையே புகுந்துவிட்டமையால் சுமத்திராவில் எஞ்சியிருந்தவை இங்குத் திரும்ப இயலவில்லை என்பது ஆய்வாளர்தம் கருத்து. கிள்ளான் துறைமுகத்தில் நின்று நாம் காணும் மலாக்கா நீரிணையே அத்தடை. ஓரிடத்தில் ஓர் உயிரினம் அழிந்துவிட்டால், காடு மீண்டும் தழைத்தாலும் அது திரும்பி வரும் என்பதற்கு உறுதியில்லை. பத்துமலை நமக்குக் கற்பிக்கும் பெரும் பாடம் இதுவே.

இன்றும் வாழும் பழமை

அழிந்தவை மட்டுமா இங்குள்ளன? அழியாது எஞ்சியவையும் உள்ளன. கோயில் குகைக்குக் கீழே அமைந்துள்ள இருட்குகையில் ஒரு வகைச் சிலந்தி வாழ்கின்றது. 1923ஆம் ஆண்டில் அறிவியலார் அதனை விவரித்தபோது, இம்மலையின் பெயரையே அதற்குச் சூட்டினர். ஏனைய சிலந்திகளின் வயிறு வழவழப்பாக இருக்க, இதன் வயிற்றின் மேலே பழங்காலச் சிலந்திகளுக்கு இருந்ததைப் போன்ற தகடுகள் வரிசையாகக் காணப்படுகின்றன. 72ஆம் படியில் நாம் நினைவுகூர்ந்த முன்னோரின் அமைப்பை இன்றளவும் விடாது தாங்கி நிற்பதால், இதனை வாழும் புதைபடிவம் என்பர். குகைச் சுவரில் பட்டு நூலால் வளை அமைத்து, அதற்கு ஒரு கதவும் இட்டு, வெளியே சில நூல்களை நீட்டி வைக்கும். பூச்சியின் கால் நூலில் பட்டவுடன் கதவைத் திறந்து பாய்ந்து பிடிக்கும்.

அச்சிலந்திக்கு இரை தருவன குகைப் பூச்சிகள். பல பூச்சிகளுக்கு உணவாவது வௌவாலின் எச்சம். அவ்வௌவால்களுள் பூந்தேன் உண்ணும் வகையும் ஒன்று. இரவில் அது வெளியே பறந்து, டுரியான், பெத்தாய் மரங்களின் மலர்களில் தேனை நக்கும்போது மகரந்தத்தை மலருக்கு மலர் கொண்டு சேர்க்கின்றது. பத்துமலையில் தங்கும் இவ்வௌவால்கள் 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடற்கரைச் சதுப்புநிலக் காடுகள் வரை சென்று இரை தேடுவதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே, குகையில் வௌவால் இல்லையேல் டுரியான் மரத்தில் காய்ப்பும் குறையும். தோட்டத்தில் வாழும் நமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மலைக்கு நேர்ந்த இடர்

இத்துணைச் சிறப்புடைய மலையையும் சாலைக்கும் கட்டடத்திற்கும் வேண்டிய கல்லுக்காகப் பல ஆண்டுகள் வெடிவைத்துத் தகர்த்தனர். இயற்கையன்பர்களும் பிறரும் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக, 1980களின் தொடக்கத்தில் அவ்வேலை நின்றது. உடைத்த மலையை ஒட்டவைக்க முடியாது. இம்மலையில் முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகொடி வகைகள் வளர்கின்றன. சுண்ணாம்புப் பாறையன்றிப் பிற இடங்களில் வளராதவையும் அவற்றுள் உண்டு. மலேசிய இயற்கைக் கழகத்தார் இருட்குகையில் கல்விச் சுற்றுலாக்களை நடத்தி வந்தனர். 2019இல் அக்குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. உரியவர் அனுமதியின்றி அதனுள் நுழைதல் கூடாது.

குடும்பத்தோடு செல்லும்போது

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கொமுட்டர் இரயில் பத்துமலை அடிவாரத்திற்கே செல்கின்றது. செல்வதற்கு முதல்நாள் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கோழிமுட்டை ஓட்டை ஒரு குவளைக் காடியில் இடுங்கள். ஓட்டின்மேல் குமிழிகள் எழும். மறுநாள் ஓடு பெரிதும் கரைந்திருக்கும். மழைநீர் மலையைக் குடைந்த முறையும் அதுவே. ஆனால், அங்குள்ள பாறையில் இச்சோதனையைச் செய்யாதீர்கள்.

படிகளில் ஏறும்போது பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வரட்டும். 72ஆம் படியிலும், 139ஆம் படியிலும், உச்சிக்கு 13 படிகள் முன்னும் நின்று, அவ்வக் காலக் கதையைப் பெற்றோர் கூறலாம். முதியோருக்கு அது மூச்சு வாங்கும் இடமாகவும் அமையும். உச்சியில் நின்று, தைப்பூச விழாவின் ஆண்டுகள் இக்கணக்கில் எவ்வளவு என்று வினவுங்கள். 2018இல் படிகளுக்குப் பூசிய வண்ணத்தின் கனம்கூட வாராது! நேரமிருப்பின், ஊலு கிள்ளானிலுள்ள தேசிய விலங்கியல் பூங்காவில் ஓராங் ஊத்தானையும், தேசிய அரும்பொருளகத்தில் தொல்பழங்காலக் காட்சிக்கூடத்தையும் காணலாம். அவ்விரண்டும் 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்டவை.

சில கடமைகளும் நமக்கு உண்டு. குகைச் சுவரில் பெயர் எழுதாதீர். விழுதுகளைத் தொட்டு ஒடிக்காதீர். கல்லையோ எலும்பையோ எடுத்து வாராதீர். ஒன்று இருந்த இடம் தெரியாவிடின் அது தரும் செய்தி பாதி அழிந்துபோகும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்காதீர். கொண்டு சென்ற நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

நாற்பது கோடி ஆண்டுகள் உழைத்து இயற்கை எழுப்பிய மலை இது. அதில் ஓராங் ஊத்தானின் பல் மட்டும் எஞ்சியது போல, நாளை நம் பெயரர் காலத்தில் அச்சிலந்தியும் வௌவாலும் வெறும் பெயராய் எஞ்சுதல் கூடாது. அடுத்த முறை படியேறும்போது, வணங்கும் கைகளோடு காக்கும் கருத்தும் நம்மிடம் இருப்பதாகுக.