இருவாய்ச்சியும் முதிர்ந்த மரமும்

ஆலும் அத்தியும் பழுக்கும் காலத்தில், பெரிய சிறகுகள் இரையும் ஓசையோடு வந்திறங்கும் கறுப்பு வெள்ளைப் பறவைதான் இருவாய்ச்சி. சொண்டின் மேல் இன்னொரு சொண்டை வைத்தாற்போன்ற புடைப்பு இருப்பதால், அதற்கு இரண்டு வாய்கள் இருப்பதுபோலத் தோன்றும்.

இலங்கையில் இரண்டு வகை இருவாய்ச்சிகள் உள்ளன. சாம்பல் நிறச் சிறிய வகை நமது நாட்டுக்கே உரியது. அதற்குப் புடைப்பு இல்லை. சிங்கராஜ மழைக்காட்டிலும் அதனைக் காணலாம். பெரிய வகை, திருகோணமலை போன்ற உலர்வலயக் காடுகளில் வாழ்வது. காகத்திலும் பெரியது. உடல் கறுப்பு, வயிறு வெள்ளை, சொண்டு மஞ்சள். சொண்டு பெரிதாயினும் பாரமற்றது. புடைப்பின் உட்புறம் வெறுமையானது. நாக்கு குறுகியதால், பழத்தைச் சொண்டு நுனியால் பறித்து, மேலே எறிந்து, தொண்டைக்குள் ஏந்திக்கொள்ளும். பூச்சி, ஓணான் முதலியவற்றையும் உண்ணும். விழுங்கிய பழங்களின் கொட்டைகளைத் தூரத்தில் கக்குவதால், காட்டில் புதிய மரங்கள் முளைக்கின்றன.

இப்பறவையால் மரத்தைக் குடைய முடியாது. முதிர்ந்த மரத்தில் தானாக உண்டான பொந்தே அதற்கு வீடு. பெண் பறவை உள்ளே புகுந்து, எச்சம், மண், பழச்சதை ஆகியவற்றால் வாசலை அடைத்து, ஒரு சிறு வெடிப்பை மட்டும் விடும். அதன் வழியாக ஆண் பறவை இரண்டு மாதங்களுக்கும் மேலாக உணவூட்டும். உள்ளே இருக்கும் காலத்தில் பெண் தன் பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்க்கும். ஆகவே, அவ்வேளையில் ஆண் பறவை வேட்டையாடப்பட்டால் தாயும் குஞ்சுகளும் பட்டினி கிடந்து சாகக்கூடும்.

1990, 2006 ஆகிய ஆண்டுகளில் இம்மாவட்டத்தில் பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கைவிட்ட காணிகளைப் பற்றைக்காடு மூடியது. அவற்றைத் திருத்தாமல் பயிர் செய்ய முடியாது. ஆனால் பற்றை வேறு, முதிர்ந்த மரம் வேறு. பற்றை சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். இன்று நடும் கன்றில் இருவாய்ச்சி புகத்தக்க பொந்து உண்டாகப் பல பத்தாண்டுகள் செல்லும்.

எனவே காணி திருத்துமுன் மரங்களைச் சுற்றிப் பாருங்கள். எல்லையிலோ குளக்கட்டிலோ நிற்கும் பொந்துள்ள மரத்தையும், பழந்தரும் ஆல், அத்தி மரங்களையும் விட்டுவையுங்கள். நெல்லைத் தின்னாத இப்பறவையால் வயலுக்குத் தீங்கில்லை. ஊருக்குத் திரும்பும் நமக்குக் கூரை எவ்வளவு அவசியமோ, அதற்கு அந்தப் பொந்தும் அவ்வளவு அவசியம்.