கைக்குழந்தையுடன் கடல் கடக்கும் முன்னர்...

பாடசாலை விடுமுறைக் காலம் வந்துவிட்டால் எமது குடும்பங்கள் பலவற்றின் எண்ணம் தமிழகத்தின் பக்கம் திரும்புவது வழமை. மதுரை, திருச்செந்தூர், வேளாங்கண்ணி எனத் தல யாத்திரை செல்வோரும், உறவினரைக் காணச் செல்வோரும், திருமணப் புடைவை வாங்கச் செல்வோரும் உளர். பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான விமான சேவை 2019 இல் ஆரம்பமாகி, இடையில் தடைப்பட்டு, 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் ஆரம்பித்துவைக்கப்பட்டது. அயல் நாடு அண்மித்துவிட்டதாகத் தோன்றுவதால், ஒரு வயதுகூட நிறையாத குழந்தையையும் உடன் அழைத்துச் செல்லப் பெற்றோர் துணிகின்றனர். அதில் தவறில்லை. தூரம் குறைவு என்பதனால் ஆயத்தமும் குறைவாக இருக்கலாம் என எண்ணுவதே தவறு.

இத்தகைய பயணங்களுக்குப் பெட்டி அடுக்கப்படும் முறையை நாம் யாவரும் அறிவோம். உறவினர் காணவேண்டும் என்பதற்காக வாங்கிய புத்தாடைகள், தொப்பிகள், விளையாட்டுப் பொருட்கள் முதலில் உள்ளே செல்கின்றன. மருந்தும் பத்திரங்களும் இறுதி நேரத்தில் கிடைத்த இடத்தில் திணிக்கப்படுகின்றன. இந்த ஒழுங்கு தலைகீழாக மாறவேண்டும் என்பதே எமது கருத்து. உடுப்பையும் பம்பர்ஸையும் சென்னையிலோ திருச்சியிலோ வாங்கிக்கொள்ளலாம். குழந்தையின் பதிவேடுகளையும், வைத்தியர் அளவு குறித்துத் தந்த மருந்தையும், பயணத்தின் நடுவில் குழந்தைக்கு வேண்டிய உணவையும் அங்கே உடனடியாகத் தேடிப் பெறமுடியாது.

முதலில் பத்திரங்கள். கைக்குழந்தையாயினும் அதற்கெனத் தனிக் கடவுச்சீட்டும், இந்தியா செல்வதாயின் தனி விசாவும் வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக இருக்கவேண்டும் எனப் பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. எமது பெயரிடும் மரபினால் எழும் சிக்கலொன்றும் உண்டு. குழந்தையின் பெயருடன் தந்தையின் பெயர் சேர்கின்றது. தாயின் கடவுச்சீட்டிலோ அவருடைய தந்தையின் பெயரே இருப்பதுண்டு. ஆகவே தாயும் பிள்ளையும் என்பதை இரு கடவுச்சீட்டுகளையும் பார்த்து ஓர் அதிகாரி அறிந்துகொள்ள முடியாது. பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கையில் வைத்திருப்பது இதற்குத் தீர்வாகும். பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையுடன் செல்வதாயின் மற்றவரின் எழுத்து மூலச் சம்மதமும் உடனிருப்பது நன்று.

அடுத்தது, கிளினிக் கொப்பி என்று நாம் அழைக்கும் குழந்தையின் சுகாதாரப் பதிவேடு. அந்நிய ஊரில் ஒரு வைத்தியருக்குக் குழந்தையின் நிறை, பெற்ற தடுப்பூசிகள், முன்னைய நோய்கள் என்பவற்றைத் தெரிவிப்பது அதுவே. எமது நாட்டில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா என்பவற்றுக்கான முதலாவது தடுப்பூசி ஒன்பதாவது மாதத்திலேயே ஏற்றப்படுகின்றது. அதற்கு முன்னர் பயணிக்கும் குழந்தைக்குச் சின்னமுத்துக்கெதிரான முழுப் பாதுகாப்பு இல்லை. நோய் பரவிவரும் நாடுகளுக்குச் செல்லும் குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலிருந்தே மேலதிகத் தடுப்பூசியொன்றை ஏற்றலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. ஏற்றிய தடுப்பூசி பயன்தர ஏறத்தாழ இரு வாரங்கள் செல்லும். எனவே பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னரேனும் சுகாதார வைத்திய அதிகாரியையோ குழந்தைநல வைத்தியரையோ நாடி ஆலோசனை பெறவேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும், இருதய, சுவாச நோயுள்ள குழந்தைகளுக்கும் இது கட்டாயமானது.

உணவைப் பொறுத்தவரை, தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தையின் தாய்க்கே சுமை மிகக் குறைவு. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதுமானது. எவ்வளவு வெப்பமான காலநிலையிலும் மேலதிகமாகத் தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை. "வெயிலுக்குப் பிள்ளைக்கு நா வரளும்" என்று பெரியோர் பரிவுடன் ஊட்டும் ஒரு கரண்டித் தண்ணீர் வழியாகவே வயிற்றோட்டக் கிருமிகள் உட்புகக்கூடும். தண்ணீர் தாயே அதிகம் அருந்தட்டும்.

பால்மா கொடுக்கப்படும் குழந்தைக்கோ கூடிய ஆயத்தம் வேண்டும். பால்மா கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. எனவே 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூடுள்ள நீரில் கரைத்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுறுத்தல். வேளைக்கு வேண்டிய மாவை அளந்து தனித்தனிச் சிறு டப்பாக்களில் இட்டு, கொதித்த நீரைச் சுடுநீர்ப் போத்தலில் எடுத்துச் செல்வதே உகந்தது. வீட்டிலேயே கரைத்த பாலை நாள் முழுவதும் வைத்திருந்து பருக்குவது ஆபத்தானது.

விமானத்தில் திரவங்களுக்குத் தடையுண்டே எனச் சிலர் அஞ்சுவர். விமானங்களைத் திரவ வெடிபொருட்களால் தகர்க்கும் சதியொன்றை 2006 ஓகஸ்டில் பிரித்தானியப் பொலிஸார் முறியடித்ததைத் தொடர்ந்தே 100 மில்லிலீற்றர் என்ற கட்டுப்பாடு உலகெங்கும் பரவியது. குழந்தையின் பால், உணவு, மருந்து என்பவற்றுக்குப் பயணத் தேவையின் அளவுக்கு விலக்கு உண்டு. சோதனையிடும் அதிகாரியிடம் அவற்றை முன்னதாகவே வெளியே எடுத்துக் காட்டினால் போதும்.

இவை யாவும் கைப்பையிலேயே இருக்கவேண்டும். பெட்டி தாமதிக்கலாம், விமானமும் தாமதிக்கலாம். எதிர்பார்க்கும் பயண நேரத்தின் இரு மடங்குக்குப் போதுமான உணவும் பம்பர்ஸும், குழந்தைக்கு இரு மாற்றுடைகளும், தாய்க்கு ஒரு மாற்றுடையும் அதில் அடங்கட்டும். விமானம் இறங்கும்போது காதினுள் அழுத்தம் மாறுவதால் குழந்தை வீரிட்டழும். அவ்வேளையில் பால் கொடுத்தால் விழுங்கும் செயலினால் அழுத்தம் சமப்பட்டு வலி தணியும்.

மருந்து விடயத்தில் மேலும் விழிப்புத் தேவை. இங்கு குழந்தைகளுக்கு வழமையாகக் கொடுக்கப்படும் பரசிற்றமோல் பாணியின் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் மருந்து உள்ளது. இந்தியாவில் அதே அளவில் 250 மில்லிகிராம் கொண்ட பாணியும், ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்தும் விற்பனையாகின்றன. பெயர் ஒன்றுதானே என்று இங்கு பழகிய அளவில் அங்கு ஊட்டினால் குழந்தையின் ஈரலுக்கே தீங்கு நேரலாம். 2025 ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுப்பொருள் கலந்த இருமல் பாணியை அருந்தி இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தமையும் மறக்கத்தக்கதன்று. வைத்தியர் குழந்தையின் நிறைக்கேற்ப எழுதித் தந்த மருந்தை அளவுச் சிறிஞ்சியுடன் இங்கிருந்தே கொண்டுசெல்லவேண்டும். இருமல் பாணியைத் தாமாகக் கடையில் வாங்கிக் கொடுத்தலாகாது.

வயிற்றோட்டத்துக்கான ஜீவனிப் பொட்டலங்களும் அவசியம். இந்தியாவில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய சீனி மிகுந்த பானங்கள் விற்கப்பட்டு வந்தமையால், 2025 ஒக்டோபரில் அந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அப்பெயரைப் பானங்களில் பயன்படுத்தத் தடைவிதிக்க நேர்ந்தது. ஜீவனியைப் பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டுவதோடு தாய்ப்பாலையும் நிறுத்தாது தொடரவேண்டும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, கண்கள் குழிவிழுதல், உச்சிக்குழி உள்வாங்குதல், குழந்தை சோர்ந்து பாலை மறுத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் வைத்தியசாலைக்கு விரையவேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியஸை எட்டினாலும் அவ்வாறே. ஆகவே வெப்பமானியும் கைப்பையில் இருக்கட்டும்.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மெல்லிய பருத்தி உடைகள், சிறு நுளம்பு வலை, ஏணை கட்டவும் போர்த்தவும் உதவும் பழைய பருத்திச் சேலை ஒன்று என்பன போதும். பழகிய துணியின் மணமே புதிய இடத்தில் குழந்தையை உறங்கவைக்கும்.

இறுதியாக, பயணத் திட்டமும் குழந்தைக்கேற்ப அமையவேண்டும். ஒரே நாளில் நான்கு கோயில்களைத் தரிசிக்கும் திட்டம் பெரியோருக்கே களைப்பூட்டுவது. தங்கும் ஊரில் குழந்தைநல வைத்தியசாலை எங்குள்ளது என்பதைப் புறப்படுமுன் அறிந்துவைத்தல் நலம். புறப்படும் நாளன்று குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்தால், பயணச்சீட்டின் பணத்தைப் பாராது பயணத்தை ஒத்திவைக்கவும் பெற்றோர் தயங்கலாகாது. இந்த விடுமுறை குழந்தையின் நினைவில் நிற்கப்போவதில்லை. அதனைச் சுகமாக அழைத்துச் சென்று சுகமாகத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு முழுவதும் பெற்றோருக்கே உரியது.