பழைய காருக்குப் புத்துயிர்: திரையில் காண்பதும் காணாததும்

துருப்பிடித்து, இருக்கை கிழிந்து, கொட்டகை ஒன்றின் மூலையில் பல்லாண்டு கிடந்த ஒரு மோட்டார் கார், ஒரு மணி நேரத்திற்குள் புது வண்ணம் பூண்டு, எஞ்சின் முழங்கச் சாலைக்கு வந்து நிற்கிறது. இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சியிலும் இணையக் காணொளியிலும் இன்று பல நாட்டு மக்களும் விரும்பிப் பார்க்கின்றனர். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலரும் இவற்றை அறிவர். இவற்றுள் பார்க்கத்தக்கவை எவை? அவை காட்டுவதில் எவ்வளவு உண்மை? அவற்றைக் கண்ட ஆர்வத்தால் நாமும் ஒரு பழைய வண்டியை வாங்கலாமா? இம்மூன்று வினாக்களையும் இங்கு ஆராய்வோம்.

முதலாவதாகக் குறிப்பிடத்தக்கது, 2003-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய 'வீலர் டீலர்ஸ்' என்னும் நிகழ்ச்சி. வாணிகம் அறிந்த மைக் ப்ரூவர் பழைய வண்டி ஒன்றைப் பேரம் பேசி வாங்குவார். கைத்தொழில் வல்லவரான எட் சைனா அதனைப் பழுதுபார்ப்பார். பின்னர் அது விற்கப்படும். எந்தத் திருகை எந்தக் கருவியால் கழற்றுவது, தேய்ந்த உறுப்பை எவ்வாறு இனங்காண்பது என்பவற்றை நெடிதுயர்ந்த அம்மனிதர் பொறுமையாக விளக்கிய முறையே அந்நிகழ்ச்சியின் உயிர்நாடியாக விளங்கியது எனலாம்.

அமெரிக்க நாட்டின் 'ஓவர்ஹாலின்' 2004-இல் தொடங்கியது. உரிமையாளர் அறியாவண்ணம் அவருடைய வண்டியைக் கொண்டுபோய், வடிவமைப்பாளர் சிப் ஃபூஸின் குழுவினர் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதனை அடியோடு மாற்றி அளிப்பர். 2013-இல் தொடங்கிய 'கார் எஸ்.ஓ.எஸ்.' என்னும் பிரிட்டிஷ் நிகழ்ச்சி மனத்தை வேறு விதமாகத் தொடுவது. நோயாலோ இடுக்கணாலோ தம் அருமை வண்டியைச் செப்பனிட இயலாமற் போன ஒருவருக்காக, அவர் குடும்பத்தாரின் துணையுடன் டிம் ஷாவும் ஃபஸ் டவுன்ஷெண்டும் அவ்வேலையை மறைவாக முடித்துத் தருவர். திரை விலகி வண்டி தோன்றும் கணத்தில் உரிமையாளர் கண்ணீர் உகுக்கக் காண்கிறோம். அக்கண்ணீர் ஓர் இயந்திரத்திற்காக மட்டும் வருவதன்று. அவ்வண்டியோடு கழிந்த நற்காலத்திற்காகவும் வருவதாகும்.

நிற்க. இந்நிகழ்ச்சிகள் மறைப்பது ஒன்றுண்டு, அதுதான் நேரம். 'வீலர் டீலர்ஸ்' நிகழ்ச்சியின் இறுதியில் வாங்கிய விலை, உதிரி உறுப்புகளின் செலவு, விற்ற விலை என ஒரு கணக்குத் திரையில் தோன்றும். அதில் எட் சைனாவின் உழைப்புக்குக் கூலி சேர்க்கப்படுவதில்லை. பட்டறையில் அவர் செலவிட்ட மணிகளுக்கு ஊதியம் கணக்கிட்டால், இலாபம் எனக் காட்டப்பட்டது பெரும்பாலும் நட்டமாகவே முடியும். தையற்காரரின் கூலியை விட்டுத் துணியின் விலையை மட்டும் சொல்லி, சட்டை மலிவு என்பது போன்றது இது.

2017-ஆம் ஆண்டில் எட் சைனா அந்நிகழ்ச்சியை விட்டு விலகினார். பட்டறைக் காட்சிகளைப் படமாக்குவது கடினம் எனக் கருதி அவற்றைக் குறைக்க அலைவரிசையினர் விரும்பியதே தாம் விலகியதற்குக் காரணம் என்று அவரே வெளிப்படையாக அறிவித்தார். பேரம் பேசுவதைப் படம் எடுப்பது எளிது. துருவேறிய மரையாணி ஒன்று அசையாமல் அரைநாளை விழுங்குவதைச் சுவைபடக் காட்டுவது அரிது. ஆயினும் வேலை என்பது அந்த மரையாணியில்தான் இருக்கிறது.

தொலைக்காட்சி கைவிட்ட அந்த நேரத்தை இணையக் காணொளி மீட்டுத் தந்தது. இங்கிலாந்தில் இருவர் தம் சிறு பட்டறையில், சீர்குலைந்த ஆஸ்டின் மினி வண்டி ஒன்றினுள் டொயோட்டா செலிகாவின் எஞ்சினையும் நான்கு சக்கர இயக்கத்தையும் பொருத்தும் வேலையை 2013 முதல் 'ப்ராஜெக்ட் பிங்கி' என்னும் பெயரில் வெளியிடலாயினர். அவ்வேலை பல ஆண்டுகள் நீண்டது. ஒரு சிறு இரும்புப் பட்டையை அளந்து, வெட்டி, வளைத்து, பொருந்தாமையால் மீண்டும் செய்வதையெல்லாம் நகைச்சுவையோடு காட்டினர். அவசரமில்லாத அந்நிகழ்ச்சியைக் காண்போர், ஒரு பொருளைச் செம்மையாகச் செய்ய எத்துணைக் காலம் பிடிக்கும் என்பதை உள்ளவாறே அறிவர்.

இத்துணைக் காலம் பிடிப்பதன் முதற் காரணம் துரு. இரும்பு, நீருடனும் காற்றிலுள்ள பிராணவாயுவுடனும் சேர்ந்து துருவாகிறது. அலுமினியத்தின் மேற்படலம் உலோகத்தோடு ஒட்டி நின்று அதனைக் காக்கும். இரும்பின் துருவோ பருத்து, பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள புது இரும்பையும் நீருக்குக் காட்டிக்கொடுக்கும். உப்பு சேர்ந்தால் இச்செயல் மேலும் விரைவுபடும். பனிக்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் தூவப்படும் உப்பும், நம் கடற்கரை நகரங்களில் வீசும் உப்புக் காற்றும் செய்யும் தீங்கு ஒன்றே.

நல்ல பட்டறையில் துருப்பிடித்த பகுதியைச் சுத்தமான உலோகம் தெரியும்வரை வெட்டி எறிவர். புதுத் தகட்டை அதே வளைவில் தட்டி அமைத்து வெல்டிங் செய்வர். தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பே உடையதாதலால், ஒரே மூச்சில் பற்றவைத்தால் வெப்பத்தால் நெளிந்துவிடும். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்ப வேண்டும். பின்னரே ப்ரைமர், பட்டி, பெயிண்ட். துருவின்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த வண்டியும் கண்ணுக்கு அழகாகவே தோன்றும். ஆனால் கதவுகளின் அடிப்பகுதியும் சட்டமும் அரித்துப்போன அவ்வண்டி விபத்தில் நொறுங்கிவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரு வேலைகளுக்கும் இடையே உள்ள வேற்றுமை, ஓர் உயிர்.

எவ்வளவு புதுக்கலாம் என்பது மற்றொரு வினா. பழம் வண்டிகளுக்கான உலகச் சம்மேளனமான 'ஃபிவா' ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், புதுக்குவதினும் பேணிக் காப்பதையே மேலாகக் கொள்கிறது. கோயில் திருப்பணி என்ற பெயரில் பழஞ்சுவரோவியத்தின்மேல் சுண்ணாம்பு பூசினால் சுவர் பளிச்சிடும், ஓவியமோ மீளாது. வண்டிகளின் நிலையும் அதுவே.

இனி, நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். கொல்கத்தாவுக்கு அணித்தான உத்தரபாராவில் உருவான அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது. மும்பைத் தெருக்களில் ஓடிய பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் இறுதியில் விடைபெற்றன. இவற்றுள் ஒன்றை வாங்கிப் புதுக்க விரும்புவோர் திரையில் வராத ஒன்றை முதலில் கருதுதல் வேண்டும். அதுதான் சட்டம்.

மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், சட்டத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாததுமான வண்டியே 'விண்டேஜ்' வண்டியாகப் பதிவு பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு முதலியவற்றுக்காக அதனை ஓட்டலாமேயன்றி, அன்றாடம் அலுவலகம் செல்லப் பயன்படுத்தலாகாது. திரையில் கண்டு வியந்த எஞ்சின் மாற்றத்தை நாமும் செய்துவிட்டால், இத்தகுதியை இழக்க நேரிடும் என்பதை நினைவிற் கொள்க.

வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு மேலும் ஒரு கடமையுண்டு. ஊரிலிருந்து தந்தையாரின் வண்டியைக் கொண்டுவந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதாயின், முந்தைய பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று பெற்றுப் புதிய மாநிலத்தில் பதிவு செய்தல் வேண்டும். தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2025-இலும் இது பற்றிப் புதிய ஆணைகள் பிறந்துள்ளன. ஆகையால் பணம் செலவிடுமுன் அன்றைய விதியைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே அறிவுடைமை.

வண்டி வாங்காமலும் இக்கலையைச் சுவைக்கலாம். 1964-இல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பேரணி தில்லியில் புகழ் பெற்றது. அரியானாவின் தாவுருவில் ஹெரிட்டேஜ் போக்குவரத்து அருங்காட்சியகம் 2013 முதல் இயங்குகிறது. விடுமுறையில் ஊர் செல்வோர் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்களின் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகத்திற்குச் சிறுவர்களை அழைத்துச் செல்லலாம்.

அனைத்திற்கும் மேலாக, நம் தெருக்கோடியில் டிங்கரிங் வேலை செய்யும் தொழிலாளியை நினைப்போம். திரையில் எட் சைனா செய்ததை அவரும் நாள்தோறும் செய்கிறார். அவரைப் படம் எடுப்பார் இல்லை. அடுத்த முறை அவர் கூலி கேட்கும்போது, பொருளின் விலையோடு நேரத்தின் விலையையும் நாம் எண்ணிப் பார்த்துக் கொடுப்போமாயின், இக்காட்சிகளைக் கண்டதற்கு உரிய பயன் கிட்டியதாகும்.