தேவாங்கு குடியிருக்கும் வேலி

"தேவாங்கு மாதிரி இருக்கானே!" ஒல்லியான பையனைப் பார்த்து இப்படிக் கேலி பேசாத ஊர் சேலம், நாமக்கல் பக்கம் இருக்காது. வசவாக அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிராணி என்ன தின்கிறது, எங்கே தூங்குகிறது, அதற்கும் நம் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

சம்பந்தம் இருக்கிறது. அது நம் வேலியில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கடவூர் மலையில் ஒரு சரணாலயம்

சூரமங்கலத்தில், எங்கள் சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் நாமக்கல் வழியாகக் கரூர். அங்கிருந்து தெற்கே போனால் கடவூர். நம் வாசகர்களில் பலர் இந்த வழியில் போய் வந்தவர்கள். ஐயா நம்மாழ்வார் சுருமான்பட்டியில் உருவாக்கிய வானகம் இருப்பது இதே கடவூர்ப் பகுதியில்தான். 2013 டிசம்பர் 30 அன்று ஐயா மறைந்தபின் அவரை விதைத்த மண்ணும் அதுதான். பயிற்சிக்குப் போன நாம் பலதானிய விதைப்பும் மீன் அமிலமும் கற்றுக்கொண்டு திரும்பினோம். இரவில் அந்த மலைகளின் அடிவாரத்துக் குடைவேல மரங்களில் இரண்டு பெரிய கண்கள் விழித்திருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

2022 அக்டோபர் 12 அன்று தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. பரப்பு 11,806 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 29,000 ஏக்கர். கரூர் மாவட்டத்தில் கடவூர் வட்டமும், திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களும் இதில் வருகின்றன.

இது ஒரே நாளில் வந்த அறிவிப்பு இல்லை. மைசூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேவா சிங் குழுவினர் திண்டுக்கல் காடுகளில் இரவு இரவாக நடந்து தேவாங்குகளைக் கணக்கெடுத்து 1999-ல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் அய்யலூர் பக்கத்துக் கரடுகளில் தங்கி, தேவாங்கு என்ன தின்கிறது, எப்படி வாழ்கிறது என்று மாதக்கணக்கில் குறித்து வைத்தார். பிற்பாடு திண்டுக்கல்லைச் சேர்ந்த சீட்ஸ் அறக்கட்டளை இதைக் கையில் எடுத்தது. பள்ளிப் பிள்ளைகளிடமும் உழவர்களிடமும் தேவாங்கைப் பற்றிப் பேசிக்கொண்டே, சரணாலயம் வேண்டும் என்று விடாமல் கேட்டது. புலிக்கும் யானைக்கும் குரல் கொடுக்க ஆள் உண்டு. ஒரு சாண் உயரப் பிராணிக்காக வருடக்கணக்கில் அலைவதற்குத் தனி மனசு வேண்டும்.

எடை கால் கிலோ, உணவு முழுக்கப் பூச்சி

தேவாங்கு குரங்கினத்துக்குத் தூரத்துச் சொந்தம். உடம்பு ஒரு சாண் நீளம், எடை கால் கிலோவை ஒட்டி. வால் கிடையாது. பகலெல்லாம் முட்புதரிலோ அடர்ந்த கிளையிலோ பந்து மாதிரிச் சுருண்டு, நாலைந்து சேர்ந்துகூடத் தூங்கும். பொழுது சாய்ந்தபின் தனித்தனியே வேட்டைக்குக் கிளம்பும்.

வேட்டை என்றால் பூச்சி வேட்டை. அய்யலூர் ஆய்வில் அது தின்றதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிறு உயிர்கள்தான். எறும்பும் கறையானும் அதிகம். வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி எல்லாம் சேர்த்தி. கடிக்கிற, நாறுகிற, விஷமுள்ள பூச்சியைக்கூட விடாது. பழம் பறிக்காது, கதிர் தின்னாது, கிழங்கு தோண்டாது. விளைச்சலில் ஒரு மணி கூடக் கேட்காத காட்டுப் பிராணி நமக்கு வேறு எது இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

ஒரு தேவாங்கு வந்தால் அசுவினியும் மாவுப்பூச்சியும் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இரவில் வௌவால், ஆந்தை, தவளை, பல்லி, சிலந்தி, தேவாங்கு. பகலில் கரிச்சான், மைனா, ஓணான், பொறிவண்டு, குளவி. இப்படி இரண்டு ஷிப்டில் ஆள் வேலை செய்கிற காட்டில்தான் பூச்சிவிரட்டியின் செலவு குறைகிறது. விஷம் தெளித்த காட்டில் இரவு ஷிப்டுக்கு ஆளே வராது. வந்தாலும் விஷம் குடித்த பூச்சியைத் தின்று அதுவும் சாகும்.

தாவத் தெரியாத பிராணி

தேவாங்குக்கு ஒரு குறை உண்டு. குரங்கு போலத் தாவ வராது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கிளைக்குக் கையை நீட்டி, மெல்ல மெல்லத்தான் போகும். கிளைக்குக் கிளை தொடர்பு இருந்தால் அதற்கு உலகம் உண்டு. தொடர்பு அறுந்தால் தரையில் இறங்க வேண்டும். தரையில் நாயும் லாரியும் காத்திருக்கின்றன. மின்கம்பியைக் கிளை என்று நினைத்துப் பிடித்தால் அதோடு கதை முடிந்தது.

குட்டி போடுவதும் நிதானம்தான். சினைக் காலம் ஐந்தரை மாதம், ஒரு ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு. சில வாரக் குட்டியைத் தாய் ஒரு கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் போய்த் திரும்பி வரும். ஜேசிபி வைத்து ஒரு மணி நேரத்தில் ஒரு புதர் வேலியைப் பிடுங்கினால், அதில் தூங்கிய குடும்பம் மொத்தமும் போய்விடும். அந்த இடம் மறுபடி நிரம்ப வருடங்கள் ஆகும்.

இதோடு மூடநம்பிக்கை வேறு. வசியம், பில்லி சூனியம், தாயத்து என்று சொல்லி இதன் கண்ணுக்கும் எலும்புக்கும் விலை வைத்தவர்கள் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணையில், தேவாங்கும் இருக்கிறது. கொன்றாலும் பிடித்து விற்றாலும் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை.

கடவூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "காட்டுக்குள்ள மட்டுந்தான் இருக்கும்னு யார் சொன்னாங்க சார்? எங்க கிளுவ வேலியிலயே உக்காந்திருக்கும். டார்ச் அடிச்சா கண்ணு ரெண்டும் நெருப்புத் துண்டாட்டம் மின்னும். அது பாட்டுக்கு அது இருக்கும், நாங்க பாட்டுக்கு நாங்க" என்றார்.

இந்தப் பிரச்சினையின் முடிச்சு இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. சரணாலயமாக அறிவித்தது காப்புக்காடுகளை. தேவாங்குக்குப் புல எண் தெரியாது. மலையடிவாரத்துப் புதர், மானாவாரிக் காட்டு வேலி, சாலையோரப் புளியமரம் என்று அது பரவி வாழ்கிறது. வேலிகள் போய்விட்டால் அந்த 29,000 ஏக்கரும் தீவாகிவிடும்.

பகைக் கதை ஒன்று

இங்கிலாந்தில் பேட்ஜர் என்று வளை தோண்டி வாழும் பிராணி ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் பட்டை முகம், மண்புழுதான் முக்கிய உணவு. அதைக் காக்கவே பேட்ஜர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நடக்கிறது. அதன் வளையைக் கலைப்பதுகூடக் குற்றம் என்று 1992-ல் தனிச் சட்டமே இருக்கிறது. அப்படியிருந்தும், மாட்டுக்குக் காசநோய் பரப்புகிறது என்று சொல்லி 2013-ல் அரசே சுட்டுக் கொல்ல அனுமதித்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் கொன்றாகிவிட்டது. 'பேட்ஜருக்குத் தடுப்பூசி போடுங்கள், மாட்டுச் சந்தையில் பரிசோதனையை இறுக்குங்கள்' என்று அந்த அமைப்பு போராடுகிறது. மாட்டை இழந்த பண்ணையாளர்கள் பலர் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் வேதனை.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. தேவாங்குக்கும் உழவனுக்கும் வழக்கே கிடையாது. ஆனாலும் சரணாலயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு வயிறு கலங்குகிறது. "நாளைக்கு மேய்ச்சலைத் தடுப்பாங்க, பட்டா நிலத்துல கெணறு வெட்டக் கூடாதும்பாங்க" என்ற பயத்தைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. காடுகளைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு அந்த அனுபவம் இருக்கிறது. அதனால் நம் இயக்கம் உரக்கச் சொல்ல வேண்டியது இதுதான்: தேவாங்கை இத்தனை காலம் வாழவைத்தது அடிவாரத்து உழவர்களும் மேய்ப்பவர்களும் வைத்திருந்த வேலிகளும் மரங்களும். அவர்களைக் கூட்டாளியாக உட்காரவைத்துப் பேசாத எந்தத் திட்டமும் தேவாங்குக்கும் நல்லது செய்யாது.

வேலிக்கு ஒரு கணக்கு

வங்கியில் விவசாயக் கடன் பார்த்த காலத்தில் நிலத்தை மதிப்பிட ஒரு படிவம் நிரப்புவோம். கிணறு, மோட்டார், தென்னை, மாட்டுக்கொட்டகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். உயிர்வேலிக்குக் கட்டம் கிடையாது. கட்டத்தில் வராதது கணக்கில் வராது. கணக்கில் வராததை இடிக்க யாருக்கும் கை நடுங்காது.

அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். சதுரமான 5 ஏக்கர் நிலத்துக்குச் சுற்றளவு சுமார் 1,870 அடி. ஆறடி அகலத்துக்கு உயிர்வேலி விட்டால் 26 சென்ட் போகும். நிலத்தில் நூற்றுக்கு ஐந்து. பக்கத்துக் காட்டுக்காரரும் பாதி விட்டால் நம் பங்கு 13 சென்ட்தான்.

வரவு என்ன? கிளுவைத் தழை, வெள்வேலங்காய் ஆட்டுக்கு. கொடுக்காப்புளி, இலந்தை, கோவை, பிரண்டை வீட்டுக்கும் சந்தைக்கும். நொச்சி, ஆடாதொடை, எருக்கு, ஊமத்தை நம் ஐந்திலைக் கரைசலுக்கு. இந்த இலைகளைத் தேடிப் பத்து கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். காற்றுத் தடுப்பு, மண் அரிப்புத் தடுப்பு, தேனீக்குப் பூ எல்லாம் இதற்கு மேல். கம்பிவேலி போட்ட அன்றைக்கே துருப்பிடிக்க ஆரம்பிக்கிறது. கிளுவை வேலி வைத்த அன்றிலிருந்து வளர்கிறது. கரூர், தாராபுரம், காங்கயம் பக்கம் கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்த கொறங்காட்டை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தார்கள்.

எதிர்வாதமும் உண்டு. என் தோட்டத்தின் கிழக்கு வேலி எனக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பொது. "ஏனுங் சார், அந்தப் பொதருக்குள்ள மயிலு அடையுது, பாம்பு கெடக்குது. ஒரே நாள்ல ஜேசிபி விட்டு எடுத்துப்போட்டுக் கம்பி கட்டிரலாமுங்" என்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. சோளம் விதைத்த அன்று மயில் வந்து கொத்திய கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மயில் பறக்கிற பறவை, கம்பி அதைத் தடுக்காது. பாம்பு இல்லாத காட்டில் எலி இருக்கும். வேலியை ஒரேயடியாக எடுக்காமல் ஒரு பக்கம் கவாத்து செய்து, இடைவெளி இருக்கிற இடத்தில் கிளுவைப் போத்து நடுவோம், செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். தை அறுவடை வரைக்கும் பொறுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் போத்து வேர் பிடிக்க வேண்டும்.

எங்கள் சூரமங்கலத்தில் இரும்பாலை சாலை நெடுகக் காடாக இருந்தவை மனைகளாகிவிட்டன. அங்கே இனி வேலியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இன்னும் உழுகிற நிலங்களில் பேசலாம்.

நாம் செய்யக்கூடியவை

கடவூர், அய்யலூர், நத்தம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இவை கட்டாயம் என்பேன். மற்றவர்களுக்கும் நஷ்டமில்லை.

1. வேலியை ஒரே வருடத்தில் முழுதும் வெட்ட வேண்டாம். மூன்று பங்காகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள். வேலிக்குத் தீ வைக்கவே வேண்டாம்.

2. வேலிக்கும் அடுத்த மரத்துக்கும் கிளைத் தொடர்பு இருக்கட்டும். வரப்பில் மரம் வைக்கும்போது வேலியை ஒட்டிச் சில மரங்களாவது வையுங்கள்.

3. இடைவெளிகளில் மழைக்கு முன்னால் இரண்டு மூன்று அடி நீளக் கிளுவைப் போத்து நடுங்கள். இடையிடையே இலந்தை, கொடுக்காப்புளி, குடைவேல், நொச்சி.

4. கிளைகளை உரசிப் போகும் மின்கம்பி இருந்தால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துக் கிளையைச் சீர் செய்யச் சொல்லுங்கள். மரத்தையே வெட்டச் சம்மதிக்காதீர்கள்.

5. தேவாங்கு தரையில் கிடந்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்க்காதீர்கள், போட்டோவுக்குத் தூக்கிப் பிடிக்காதீர்கள். நாயை விரட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இடத்தைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் போடுவது பிடிக்க வருகிறவனுக்கு முகவரி கொடுப்பது மாதிரி.

6. கிராமசபையில் பேசுங்கள். வரப்பில் நட மரக்கன்று தரும் பசுமைப் போர்வைத் திட்டம் இருக்கிறது. சூரிய மின்வேலிக்கு மானியம் இருக்கிறது. கிளுவைப் போத்துக்கும் இலந்தைக் கன்றுக்கும் அதே மரியாதை வேண்டும், உயிர்வேலி வைத்திருப்பவருக்கு ஊக்கத்தொகை வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். சாலை அகலப்படுத்தப் புளியமரங்களைக் குறியிட வரும்போதும் கேள்வி கேளுங்கள்.

போத்து நடுவதற்குப் பெரிய முதல் தேவையில்லை. பக்கத்து ஊரில் யாராவது கிளுவை வேலியைக் கவாத்து செய்தால் ஒரு வண்டி கேட்டு வாங்கி வாருங்கள், சும்மாவே தருவார்கள். அடுத்த மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள்.